சேமிப்புப் புத்தகம் யார் கையில்?

(இளங்கலைப் பொருளியல் முதலாம் ஆண்டு மாணவி ஒருவர்)

ஏழாம் வகுப்புப் படித்தபோது, அக்டோபர் 30-ஆம் நாள் சிக்கன நாளையொட்டி நடந்த கட்டுரைப் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. பரிசு ஓர் எவர்சில்வர் கிண்ணம். "சிறு துளி பெரு வெள்ளம்" என்று தொடங்கி, "வீட்டின் விளக்காகிய பெண்கள் சேமித்தால் நாடு உயரும்" என்று முடித்திருந்தேன். மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஆசிரியை அதைப் படிக்கச் சொன்னார். மஞ்சூரின் பனிமூட்டத்தில் முன்வரிசை மாணவிகளுக்கு மட்டுமே என் முகம் தெரிந்திருக்கும். இன்று அக்கட்டுரையை நினைத்தால் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. அதில் பிழையொன்றும் இல்லை. ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவேயில்லை. பெண் சேமிக்கிறாள், சரி. அதை எப்போது எடுப்பது, எதற்குச் செலவிடுவது என்று முடிவு செய்பவர் யார்?

இக்கேள்விக்கு நூலகத்தில் விடை தேடுமுன் என் வீட்டிலேயே தேடினேன்.

என் பாட்டி இலங்கையில் நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1964-இல் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களுள் அவரும் ஒருவர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே கொழுந்துக் கூடை முதுகில் ஏறிவிட்டது. சம்பள நாளில் பெயர் கூப்பிடும்போது போய் வாங்கியவர் அவருடைய தந்தை. திருமணமான பின் தாத்தா வாங்கினார். இது எங்கள் குடும்பத்தில் மட்டும் நடந்த விந்தையன்று. மலையகத் தோட்டங்களில் பெண்ணின் கூலியைக் கணவரோ தந்தையோ பெற்றுக்கொள்ளும் வழக்கத்தை ஆய்வாளர் பலர் எழுதியுள்ளனர். பாட்டியின் கைக்கு நேராக வந்தது 'கைக்காசு' மட்டுமே. ஓய்வு நாளில் பறித்த கொழுந்துக்கு அங்கேயே எண்ணித் தருவது அது. "அந்தக் காசு மட்டுந்தான் எனக்குத் தெரிஞ்ச காசு" என்பார். அதைச் சுருக்குப் பையில் முடிந்து வைத்து, என் அம்மா பிறந்தபோது ஒரு சோடி வெள்ளிக் கொலுசு வாங்கினாராம். தாத்தா கேட்டதற்கு, "அக்கா குடுத்துச்சு" என்று பொய் சொன்னாராம். தம் உழைப்பில் வாங்கிய கொலுசுக்குப் பொய் சொல்ல வேண்டியிருந்ததை எண்ணிப் பாருங்கள்.

நம் வீடுகளில் பெண்கள் சேமிக்காத காலம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அரிசிப் பானைக்குள், அஞ்சறைப் பெட்டிக்குள், சாமி படத்துக்குப் பின்னால், மடித்து வைத்த சேலைக்குள் பணம் இருந்துகொண்டேதான் இருந்தது. மழைக்காலத்தில் வேலை நின்றால் அடுப்பெரிந்தது அந்தப் பணத்தால். ஆனால் மறைத்து வைத்த பணத்துக்கு ஒரு குறை உண்டு. அதைக் கொண்டு பொருள் வாங்கலாம். ஆனால், 'என்னிடம் இவ்வளவு இருக்கிறது, ஆகையால் இதைச் செய்வோம்' என்று வீட்டில் நாலு பேர் நடுவே சொல்ல முடியாது. சொன்ன கணமே அது மறைந்த பணமல்ல, கேட்கப்படும் பணம். மறைத்தால் வாய் திறக்க முடியாது, வாய் திறந்தால் பணம் நிற்காது. பெண்ணின் சேமிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் இந்த இக்கட்டைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

என் அம்மா சிறுவிவசாயிகளின் தோட்டங்களில் நாட்கூலிக்கு இலை பறிப்பவர். நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது அஞ்சலகத்தில் மாதம் ரூ.500 கட்டும் ஐந்தாண்டுத் தொடர் வைப்புக் கணக்கொன்றைத் தொடங்கினார். மாதந்தோறும் மகளிர் முகவர் ஒருவர் லைன் வீடுகளுக்கு வந்து பணம் வாங்கி, அட்டையில் குறித்துவிட்டுப் போவார். (1972-இல் தொடங்கிய முகவர் திட்டம் இது; வீட்டுப் படி தாண்டாத பெண்ணும் அஞ்சலகத்தில் கணக்கு வைக்க வழி செய்தது. இதன் அருமையைப் பொருளியல் நூல்கள் போதிய அளவு பாராட்டவில்லை.) இடையில் இரண்டு முறை அப்பா அந்தப் பணத்தைக் கேட்டார். ஒரு முறை உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு, மறுமுறை பழைய இருசக்கர வாகனம் ஒன்று விலைக்கு வந்தபோது. இரண்டு முறையும் அம்மா சொன்ன விடை ஒன்றே: "எடுக்க முடியாதுங்க, அஞ்சு வருசம் கட்டணும்னு போட்டிருக்கு." அப்பா அஞ்சலகத்தைத் திட்டினார். அம்மாவைத் திட்டவில்லை.

உண்மையில் இடையில் எடுக்கவே முடியாது என்பதில்லை. விதிகளில் வழி இருக்கிறது. அம்மாவுக்கு அது தெரியும் என்றே நினைக்கிறேன். தெரியாதது போல் இருந்துவிட்டார்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடையில் அக்கணக்கு முதிர்ந்தது. வட்டியோடு ரூ.35,000-ஐ ஒட்டி வந்தது. அதே கோடையில்தான் எனக்கு ஒரு வரனும் வந்தது. திருப்பூரில் வேலை; நல்ல குடும்பம். அப்பா கொடியவர் அல்லர். மகளைக் காலாகாலத்தில் கரைசேர்க்க வேண்டும் என்ற கவலை அவருக்கு. "கல்லூரிக்குன்னா பஸ்ஸு, துணிமணி, பொஸ்தகம்னு எங்கிட்ட எங்க இருக்கு?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வரவில்லை. "எங்கிட்ட இருக்குங்க" என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பின் பேச்சு நின்றுவிட்டது என்று கதை எழுதலாம். நிற்கவில்லை, மூன்று நாள் நடந்தது. ஆனால் பேச்சு 'முடியுமா' என்பதிலிருந்து 'செய்யலாமா' என்பதற்கு மாறிவிட்டது. 'செய்யலாமா' என்ற கேள்வியில் அம்மாவுக்கும் ஒரு வாக்கு இருந்தது. நான் இந்த மலருக்கு எழுதிக்கொண்டிருப்பது அந்த வாக்கினால்தான்.

இதை என் வீட்டுப் பெருமையாக எண்ணியிருந்தேன். பின்னர்ப் பேராசிரியர் ஒருவர் தந்த கட்டுரை, கடல் கடந்த ஊரிலும் இதுவே நடந்திருப்பதைக் காட்டியது. பிலிப்பைன்ஸ் நாட்டில் மிண்டனாவோ தீவிலுள்ள புட்டுவான் நகரத்தில் ஒரு சிறு வங்கி, தன் வாடிக்கையாளர் சிலருக்குப் புதுவகைக் கணக்கொன்றை அளித்தது. வட்டி கூடுதல் இல்லை, சலுகை இல்லை. குறித்த நாளோ குறித்த தொகையோ வரும்வரை பணத்தை எடுக்க முடியாது என்பதே அதன் சிறப்பு! நாவா அஷ்ரஃப், டீன் கார்லன், வெஸ்லி யின் ஆகிய மூவர் செய்த அந்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. இத்தகைய கணக்கு அளிக்கப்பட்ட பெண்களுக்கு வீட்டு முடிவுகளில் செல்வாக்குக் கூடியதாக அவர்கள் கண்டார்கள். அதிலும், முன்பு வீட்டில் சொல் எடுபடாதிருந்த பெண்களின் வீடுகளில் தையல் இயந்திரம், துணி துவைக்கும் இயந்திரம் போன்று பெண்ணின் கைவலியைக் குறைக்கும் பொருள்கள் வாங்குவது மிகுந்தது. பணத்தைப் பூட்டி வைப்பது சுதந்திரத்தைக் குறைக்கும் என்று பாடப்புத்தகம் சொல்லும். 'இல்லை' என்று சொல்ல உரிமையற்றவளுக்கு அந்தப் பூட்டே வாயாகிறது. கென்யாவின் நைரோபி நகரில் கிபேராச் சேரியில் சீட்டுக் கட்டும் பெண்களை ஆராய்ந்த சிவான் ஆண்டர்சன், ழான் மரி பாலான் இருவரும் 2002-இல் எழுதியதும் இதே போன்றதுதான். கணவர் கைக்குப் பணம் போய்விடாமல் காக்கவே மணமான பெண்கள் பலர் சீட்டில் சேர்ந்தார்களாம். நம் ஊரில் சனிக்கிழமை மாலை "குழுவுக்குக் கட்டணும்" என்று கறாராகச் சொல்லும் அக்காமார்களை எனக்கு நினைவு வந்தது.

குழுக்களைப் பற்றி ஒரு சொல். 1974-இல் அகமதாபாத்தில் 4,000 ஏழைப் பெண்கள் தலைக்குப் பத்து ரூபாய் போட்டு 'சேவா' வங்கியைத் தொடங்கினர். எழுதத் தெரியாதவர்களுக்குக் கையெழுத்துக்குப் பதிலாகப் புகைப்படம் ஒட்டிக் கணக்கு வைத்தனர். சென்னையில் 1978-இல் ஜெயா அருணாசலம் உழைக்கும் மகளிர் அமைப்பைத் தொடங்கினார். 1989-இல் தருமபுரியில் அரசு தொடங்கிய மகளிர் குழுக்கள், 1997-க்குப் பின் மகளிர் திட்டமாக மாநிலமெங்கும் பரவின. எங்கள் குந்தாவின் ஹட்டிகளிலும் லைன்களிலும் ஊக்குநர், பிரதிநிதி என்ற சொற்கள் வீட்டுச் சொற்களாயின. வங்கிக்குள் நுழைந்து மேலாளரின் எதிரே நாற்காலியில் அமரும் துணிவை அவை தந்தன. இதை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் சேமிப்புக்காகத் தொடங்கிய குழுக்கள் பல, கடன் வாங்கும் குழுக்களாக மாறிவிட்டதை மறைக்கவும் கூடாது. கடன் வேறு, சேமிப்பு வேறு. வங்காளதேசத்தில் பெண்கள் பெயரில் தரப்பட்ட கடன்களை 1996-இல் ஆராய்ந்தவர்கள், நூற்றுக்கு 37 அளவில்தான் அப்பெண்களுக்கு அப்பணத்தின்மேல் முழுமையான அல்லது பெருமளவிலான அதிகாரம் இருந்ததெனக் கண்டனர். கடன் பெண்ணின் பெயரில், செலவு ஆணின் கையில், தவணை மீண்டும் பெண்ணின் தலையில். இத்தகைய கணக்கு எத்தனை இருந்தாலும் அதனால் வீட்டில் அவளுக்கு என்ன வாக்கு வந்துவிடும்?

இனி, எனக்கே குற்ற உணர்வு தரும் செய்திக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு வங்கியிலும் ஒரு கணக்கு உண்டு. 2023 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையின் ரூ.1,000 அதில்தான் வரும். தொடக்கத்திலேயே 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்குக் கிடைத்த தொகை அது. 'உதவி' என்னாமல் 'உரிமை' என்று பெயரிட்டதை நான் பெரிதும் வரவேற்கிறேன். ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பணம் வந்த செய்தி அம்மாவுக்கு எப்படித் தெரியும்? அண்ணனின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும். அண்ணன் சொன்னால் தெரியும். கணக்குத் தொடங்கியபோது அம்மாவிடம் கைபேசி இல்லாததால் அண்ணனின் எண்ணைக் கொடுத்தார்கள். பணமெடுக்கும் அட்டையும் அண்ணனிடமே. இயந்திரத்தில் இரகசிய எண்ணை அமைத்துத் தந்தவள் நான். அம்மாவுக்கு நினைவிருக்காது என்று நானே முடிவு செய்து, என் பிறந்த ஆண்டை எண்ணாக வைத்தேன். சென்ற ஆண்டு துறைச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டவேண்டிய கடைசி நாளில், அட்டையை வாங்கிப் போய் ரூ.1,500 எடுத்துவிட்டு, மாலையில் அம்மாவிடம் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. "சரி" என்றார். பாட்டனார் சம்பள நாளில் வரிசையில் நின்று பாட்டியின் கூலியை வாங்கியதற்கும், நான் இயந்திரத்தின் முன் நின்றதற்கும் என்ன வேற்றுமை? நானும் அந்த வரிசையில்தான் நின்றிருக்கிறேன்.

முன்பு பெண்ணின் கணக்கிலிருந்து பணம் எடுக்க வேண்டுமானால் அவள் கையொப்பமோ பெருவிரல் ரேகையோ வேண்டும். குறைந்தது அவள் வங்கிவரை வரவேண்டும். வந்தால் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று காணவாவது செய்வாள். அட்டையும் நான்கு இலக்க எண்ணும் வந்தபின் அவள் வரவே தேவையில்லாமல் போயிற்று. ஊருக்கெல்லாம் வசதியாய் வந்தது, இவளை மட்டும் மீண்டும் வீட்டுக்குள் நிறுத்திவிட்டது. அறிவியல் முன்னேற்றத்தைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. விடுமுறை நாள்களில் அண்டை வீட்டு அக்காமார்களுக்குப் பணமெடுக்கும் சீட்டு நிரப்பிக் கொடுப்பது என் வழக்கம். அவர்களில் பலர் கேட்கும் முதற்கேள்வி, "எவ்வளவு எடுக்கலாம்?" என்பதன்று, "எவ்வளவு இருக்கு பாரேன்?" என்பதே. தன் பணத்தின் அளவைப் பிறரிடம் கேட்டறியும் நிலையில் இருப்பவர் அதன் செலவைப் பற்றி எப்படித் தீர்மானிப்பார்?

புள்ளிவிவரங்கள் நம்மை மகிழ்விக்கவே செய்கின்றன. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் பெண்கள் 2015-16-இல் நூற்றுக்கு 53 பேர், 2019-21-இல் 78.6 பேர். தமிழ்நாட்டில் தொண்ணூறையும் தாண்டிவிட்டது. பாராட்ட வேண்டிய வளர்ச்சி. அதே ஆய்வில், தனியாகவோ கூட்டாகவோ வீடோ நிலமோ உடைய பெண்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 43.3 பேர்தாம். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள பள்ளத்தை எங்கள் குந்தாவில் கண்ணாலேயே காணலாம். 1960-களின் தொடக்கத்திலேயே கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை கண்ட பகுதி எங்களுடையது. சிறுவிவசாயிகள் இலையைக் கூட்டுறவுத் தொழிற்சாலைக்கு ஊற்றுகிறார்கள். உறுப்பினர் பெயரில் எடை குறிக்கப்பட்டு, உறுப்பினர் பெயரிலேயே இலைப் பணம் வருகிறது. உறுப்பினர் யார்? நிலம் யார் பெயரிலோ அவர். நிலம் யார் பெயரில்? பெரும்பாலும் ஆண் பெயரில். விடிகாலையில் பனியில் நனைந்து, தார்ப்பாயை இடுப்பில் கட்டிப் பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அப்பெண்ணுக்கு வங்கிக் கணக்கு இருக்கிறது; இலைப் பணம் அதன் பக்கம் வருவதேயில்லை. கணக்கு என்பது பாத்திரம். ஊற்று வேறெங்கோ பாய்ந்தால் பாத்திரத்தைத் துலக்கி வைத்து என்ன பயன்? மகளுக்கும் சொத்தில் சமபங்கு என்று தமிழ்நாட்டில் 1989-இலும் நாடு முழுவதற்கும் 2005-இலும் சட்டம் வந்தது. அச்சட்டம் எங்கள் மலையேறி வர இன்னும் எத்தனை கொண்டை ஊசி வளைவுகள் மிச்சமிருக்கின்றனவோ!

பணம் நேராக அவள் கணக்குக்கு வந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. மத்தியப் பிரதேசத்தின் வடபகுதியில் ஊரக வேலை உறுதித் திட்டக் கூலி அப்போது பெரும்பாலும் வீட்டுத் தலைவரின் கணக்குக்கே போய்க்கொண்டிருந்தது. ஆய்வாளர் சிலர் பெண்களுக்குத் தனிக் கணக்குத் தொடங்கி, கூலியை அதில் நேராகச் சேர்த்து, கணக்கைக் கையாளவும் கற்றுத் தந்தனர். 2021-இல் வெளிவந்த முடிவின்படி, கணக்கு மட்டும் பெற்ற பெண்களைவிடக் கணக்கும் நேரடிக் கூலியும் பயிற்சியும் பெற்றவர்கள் கூடுதலாக வேலைக்குச் சென்றார்கள். பெண் வேலைக்குப் போகலாமா என்பதில் அவர்களுடைய எண்ணமே மாறத் தொடங்கியது.

வகுப்பில் இதைப் பேசியபோது நண்பர் ஒருவர் எழுந்து, "ஒரே குடும்பத்துக்குள் உன் பணம், என் பணம் என்று பிரித்தால் இல்லறம் என்னாகும்?" என்று கேட்டார். கைதட்டலும் பெற்றார். நான் அப்போது சரியாக விடை சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். நண்பரே, உங்கள் தந்தைக்குத் தனிக் கணக்கு இருக்கிறதல்லவா? அது தொடங்கிய நாளில் குடும்பம் பிரிந்ததாக யாரேனும் சொன்னார்களா? ஒற்றுமை என்பது ஒரே பையாக இருப்பதன்று. பையைத் திறக்கும்போது இருவரையும் கேட்பது. எங்கள் வீட்டில் அம்மாவிடம் பணம் இருந்ததால் சண்டை வந்தது உண்மைதான். பணம் இல்லாதிருந்தால் சண்டையே வந்திராது. சத்தமில்லாமல் எனக்குத் திருமணம் ஆகியிருக்கும்.

அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வந்த என் போன்ற மாணவியருக்கு, 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 எங்கள் கணக்குக்கே வருகிறது. பதினெட்டு வயதில் என் பெயரில் ஒரு புத்தகம். என் பாட்டிக்குக் கிடைக்காதது, என் அம்மாவுக்கு நாற்பது வயதுக்கு மேல் கிடைத்தது. தோழியரே, உங்களுள் எத்தனை பேரின் அட்டை உங்களிடம் இருக்கிறது? விடுதியில் நான் கேட்டுப் பார்த்தேன். விடைகளை இங்கே எழுதப் போவதில்லை. அவரவர் தம் பையைத் திறந்து பார்த்துக்கொள்ளட்டும்.

சென்ற பொங்கல் விடுமுறையில் அம்மாவை வங்கிக்கு அழைத்துச் சென்றேன். கைபேசி எண்ணை மாற்றும் விண்ணப்பத்தை நிரப்பினேன். இப்போது அவரிடம் பொத்தான் வைத்த சிறு கைபேசி ஒன்று இருக்கிறது. அண்ணனிடம் முன்பே சொல்லியிருந்தோம், "எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்று முகம் சுளித்தான், பிறகு அட்டையைக் கொடுத்தான். அலுவலர், "வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்று கேட்டார். "கணக்கு எம்பேர்ல தானுங்களே இருக்கு?" என்றார் அம்மா. அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் முத்திரை குத்தினார்.

பிறகு இயந்திரத்தின் முன் நின்றோம். பழைய எண்ணை நான் அழுத்தினேன். புதிய எண் கேட்டபோது அம்மா என்னைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொன்னார். ஒவ்வோர் எண்ணாகத் தேடித் தேடி அழுத்தினார். இரண்டாம் முறை உறுதி செய்யும்போது தவறிப்போய், மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். மஞ்சூர்ப் பேருந்தில் திரும்பி வரும்போது, அட்டையை எங்கே வைப்பது என்று மட்டும் கேட்டார். எண் என்னவென்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.